மறுபடி வாரேன்

பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், ஓட்டு எண்ணி முடித்த அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரி ஏன் தோற்றாள் என்பதற்கு டீக்கடையில் ஏழெட்டுக் காரணங்கள் தயாராக இருந்தன. கட்சி இல்லாமல் நின்றது தப்பு என்றார் ஒருவர். குடையைச் சின்னமாக வாங்கிக்கொண்டு பனிக்காலத்தில் ஓட்டுக் கேட்டால் யார் போடுவார்கள் என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். உட்காரவும் முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நான் சொல்லிக்கொடுத்த ஒரு வரி.

அவள் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். எனக்கு ஃபாக்டரியில் வேலை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் அவளைப் பஞ்சாயத்து மெம்பருக்கு நிற்கச் சொன்னது மேல்லயத்துப் பெண்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருக்கிற தொழிலாளர் வீடுகள்தான் மேல்லயம். ஓடைக்குக் குறுக்கே இரண்டு மரத்தடி கிடக்கும். அதைத்தான் பாலம் என்போம். போன மழையில் கொழுந்துச் சாக்கோடு அதில் வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரிக்கு முழங்கை பிசகிவிட்டது. ஜெயித்தால் முதல் காரியம் ஒரு நல்ல பாலம் என்று அன்றைக்கே பிடித்த பிடிவாதம். குளிர் நாளில் முழங்கை வலித்தால் பிடிவாதமும் கூடவே வலிக்கும் அவளுக்கு.

நான் படித்தது கொஞ்சம், கேட்டது நிறைய. மேல்லயத்தில் என்னை அண்ணன் என்று கூப்பிடும் ஒருத்தி பழைய மெம்பரைப் பற்றி ஒருநாள் சொன்னாள்: "குறிஞ்சிப்பூவாவது பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா தவறாம வந்துருது அண்ணே. இந்த மனுசன் 'இந்தா வாரேன்'னு போனவரு, இன்னும் வந்துக்கிட்டே இருக்காரு."

அந்தச் சொல் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்: "நீ பெருசா ஒண்ணும் பேச வேண்டாம். ஒவ்வொரு வீட்டுலயும் கெளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டு 'மறுபடி வாரேன், கட்டாயம் வாரேன்'னு மட்டும் சொல்லு."

சொன்னாள். சொன்னபடி போகவும் செய்தாள். வேலை விட்டு வந்ததும், இருட்டுவதற்குள் வீடு வீடாக ஏறி இறங்குவாள். இரண்டாம் தடவை போனபோது, "ஏ, நெசமாவே வந்துட்டாளே!" என்று சிரித்து அடுப்படியில் பலகை போட்டார்கள். பிள்ளைகள் அவளுக்கு 'மறுபடி அத்தை' என்றே பெயர் வைத்துவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டுக்குப் பத்து நாள் இருந்தது. மேல்லயத்தில் ஒரு பழைய கங்காணி இறந்துபோனார். நோட்டீஸ் எதுவும் எடுக்காமல் துக்கத்துக்குப் போனோம். அவள் பெண்களோடு உட்கார்ந்து அழுதாள், குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். எடுக்க நேரமாகும் என்றார்கள். எனக்கு ஷிஃப்ட் இருந்தது, கிளம்பினோம்.

இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எழுந்து, செருப்பை மாட்டி, பேசாமல் நடந்துவிட வேண்டும். 'வாரேன்' என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். இது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை வாசலில் சொல்லிப் பழகின வாய். வாசலில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கை தானாகக் குவிந்தது.

"மறுபடி வாரேன். கட்டாயம் வாரேன்."

உள்ளே ஒப்பாரி நின்றுவிட்டது. சுவரோரம் இருந்த ஒரு கிழவி கேட்டாள்: "ஏளா, யாரைக் கூட்டிட்டுப் போக வாரே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மரத்தடியைத் தாண்டும்வரை இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

அதோடு போயிருக்கும். நாலாம் நாள், அதே வரிசையில் ஒரு வருசமாகப் படுக்கையில் கிடந்த ஒரு அம்மா கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரியில் கைவிட்டு அனுப்பிய உடம்புதான், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் போவதா வேண்டாமா? போனால், சொன்னபடி வந்துவிட்டாள் என்பார்கள். போகாவிட்டால், சாவுக்குக்கூட வராதவள் என்பார்கள். அவள் சேலை மாற்றினாள், பழைய சேலையையே மறுபடி கட்டினாள். நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் போனோம். மரத்தடியில் காலை வைக்குமுன், குறிஞ்சிப்பூ சொன்னவளே அக்கரையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"மைனி, தப்பா எடுத்துக்கிடாத. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. எங்க மாமியாவுக்குத்தான் ஒரே பயம். வீட்டுல புள்ளத்தாச்சி வேற ஒருத்தி இருக்கா. ஓட்டை நாங்க பாத்துக்கிடுதோம். நீ மட்டும் வராத."

வருவேன் என்பதைத் தவிர வேறு வாக்கு கொடுக்காதவளிடம் வராதே என்றுவிட்டார்கள். இனி எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது? "நான் போய்ப் பேசிப் பாக்கட்டா?" என்றேன்.

"உங்க வாய் பேசினது போதும்."

எதிர்த்து நின்றவள் தினமும் மேல்லயத்துக்குப் போனாள். அவள் ஒன்றும் பிரமாதமாகப் பேசவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரி இக்கரையில் நின்று அதைப் பார்ப்பாள். பத்தொன்பது ஓட்டில் தோற்றோம். மேல்லயத்தில் அதைவிட அதிகம் ஓட்டு உண்டு.

கங்காணியின் பதினாறாம் நாள் காரியம் ஓட்டு எண்ணிக்கைக்குப் பிறகுதான் வந்தது. "இனி என்ன, வந்துரு மைனி" என்று ஆள் அனுப்பினார்கள். போனோம். கூடவே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவள் எழுந்தபோது பந்தியே அவள் வாயைப் பார்த்தது. கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை இல்லாமல், செருப்பை மாட்டி நடந்தாள். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

மரத்தடியின் நடுவில் நின்றாள். காலால் அழுத்திப் பார்த்தாள். ஒரு கட்டை ஆடியது. முழங்கையைத் தடவிக்கொண்டே, "புது மெம்பரு இதுல நடந்து பாத்தாளாமா?" என்றாள்.

"தெரியலை."

"நாளைக்குப் பஞ்சாயத்தாபீஸுக்குப் போவணும். மனு எழுதுங்க."

அன்றைக்கே பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். அவள் எதிரே வந்து நின்றாள். "பாலம் வேணும்னு மட்டும் எழுதணும். சொந்தமா ஒரு வரி சேக்கக் கூடாது."