மாமா ஏற்றிக்கொள்ளாத வண்டி

அம்மாவின் தம்பியான என் மாமாவின் பைக்கில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது: பெட்ரோல் டேங்கின் மேல். கிளியனூரிலிருந்து திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய் வந்தேன். மற்ற பிள்ளைகள் பஸ்ஸில் நசுங்கி வருவார்கள்; நான் மகாராணி மாதிரி போய் இறங்குவேன். அந்தத் திமிர் இன்னும் முழுதாகப் போகவில்லை.

உளுந்து பிடுங்கும் காலத்தில் எங்கள் ஊரில் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறிக் காய் வெடிக்கும், அடிக்கும் வேலை மிச்சம். ஊரான் வண்டியே ஏறும்போது வீட்டு வண்டி சும்மா இருக்கலாமா? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாமா எங்கள் உளுந்தின் மேல் போய்ப் போய்த் திரும்புவார். சக்கரத்தின் அடியில் சடசடவென்று சத்தம் கேட்கும். தூசு என் கண்ணில் விழாமலிருக்கத் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் கவிழ்ப்பார்.

அன்றைக்கு மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்தப் போனார்.

“இன்னும் ஒரே ஒரு ரவுண்டு மாமா!”

“சரி, கெட்டியா புடிச்சிக்கினு குந்து.”

உதிர்ந்த உளுந்தில் சக்கரம் வழுக்கியது. நான் செடிக்குவியலில் போய் விழுந்தேன். ஹெல்மெட் என் தலையில் இருந்தது, ஒரு கீறல் இல்லை. மாமாவின் முகம் வண்டியின் பக்கக் கண்ணாடியில் மோதி, உடைந்த சில்லு இடது கண்ணில் ஏறியிருந்தது. புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் “தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு” என்றார்கள். கண் எப்படித் தலைப்பாகை ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமா வண்டியை எடுத்தார். நான் பையோடு போய் நின்றேன்.

“நீ பஸ்ல போ பாப்பா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஒரு ரவுண்டுக்காகத்தான் கோபம் என்று முடிவு செய்துகொண்டேன். பஸ் ஜன்னல் வழியே அவர் தனியாகப் போவதைப் பார்ப்பேன். காலியாகக் கிடக்கும் என் இடத்தைப் பார்த்தால் அழுகை வரும். அதற்கு ஏங்கியதுபோல் பிறகு எதற்கும் நான் ஏங்கியதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது தண்ணீருக்குத் தம்ளரை நீட்டினேன். மாமா சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் தம்ளருக்கு வெளியே என் மடியில் கொட்டியது. வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கோபம் தீர்ந்தது என்று மறுநாள் காலை அவர் வருவதற்குள் டேங்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மாமா என்னைத் தூக்கி இறக்கி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு கண் போனால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது சட்டென்று பிடிபடாது என்றும், அந்தப் பார்வையை நம்பித் தான் மட்டும் போவாரே தவிர என்னை ஏற்றிக்கொள்ள மாட்டார் என்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.