தெருவுக்கு ஒரு சவரக்கத்தி

நான் வேலை பார்க்கும் திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் பரப்பி விற்கும் இடத்தில் அந்தச் சவரக்கத்தியை வாங்கினேன். மடக்குக் கத்தி. கொம்புப் பிடியில் விரிசல், அலகு முழுக்கத் துரு.

"ஏமம்மா, உனக்கு இன்னாத்துக்கு இது? மீசை வருதா?" என்றார் கடைக்காரர்.

"வந்தா உங்க கிட்ட காட்றேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம் எங்கள் ஊர். ஊரில் சவரம் செய்பவர் எங்கள் தெரு ஆட்களைத் தொட மாட்டார். அதனால் தெருவுக்கே ஒரு கத்தி இருந்தது, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் பொறுப்பில். வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அவரிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். பெங்களூர் கட்டட வேலைக்குப் போனவர்கள் பிளாஸ்டிக் ரேசர்களோடு திரும்பியபின், கத்தி சாக்கு கிழிக்கப் பயன்பட்டது. ஒரு நாள் அலகு உடைந்தது.

இப்போது தம்பி டிரைவர் வேலைக்குக் குவைத் கிளம்ப இருந்தான். "கத்தி இருந்தா நானே வழிச்சி அனுப்புவேன்" என்றார் நைனா. எதையும் இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், வேதியியலில் பட்டம். பழைய கத்தியைச் சரிசெய்யும் விதத்தை நெட் சென்டரில் ஆங்கிலத்தில் படித்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து வாட்டர் பேப்பரால் துருவை எடுத்தேன். பிடியை ஒட்டிப் புது ஆணி அடித்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் தீட்டுக்கல்லில் அலகைப் படுக்கவைத்துத் தேய்ப்பேன். என் கைமயிரை மழிக்கும் கூர் வந்ததும் கல்லோடு ஊருக்கு எடுத்துப்போனேன்.

தம்பி கிளம்புவதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. அம்மா விளக்குகளைத் துலக்க உட்கார்ந்தவள், நல்ல காரியத்துக்கு ஆகிற பொருள்தானே என்று கத்தியையும் புளி, செங்கல்தூள் போட்டுத் தேய்த்துவிட்டாள். அலகு தகதகவென்றிருந்தது. கூர் போயிருந்தது.

"சாமி கிட்ட வெச்சி எடுக்கலாம்னுதான்" என்றாள்.

நைனா அலகின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "குத்துவிளக்கு நல்லா கீது."

நான் கல்லை எடுத்து உட்கார்ந்தேன். தம்பி நின்று பார்த்தான். "நீ தேச்சிக்கினே இரு, நான் குவைத்துல போய் வழிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சித்தூருக்கு வண்டியை எடுத்தான். சாயந்தரம் கன்னம் மின்ன வந்தான். நானும் அப்போதுதான் நைனாவின் பழைய தோல் பெல்ட்டில் கத்தியைத் தீட்டி முடித்திருந்தேன்.

"ஏசி சலூன் நைனா. சேர் சுத்துது."

நைனா அவன் முகத்தையே பார்த்தார். "எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டாங்களா?"

"டோக்கன் நம்பர்தான் கேட்டாங்க."

 நைனா என் கையிலிருந்த கத்தியை வாங்கினார்.

"குந்து. பின்கழுத்துல வுட்டுட்டான்."

அங்கே ஒன்றும் பெரிதாக விட்டுப்போகவில்லை. தம்பிக்கும் அது தெரியும். ஆனாலும் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். நைனா தண்ணீர் தொட்டுத் தடவி, கத்தியை மேலிருந்து கீழே இறக்கினார். சரக்கென்ற சத்தம் வாசல்வரை கேட்டது. எங்கும் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. அந்தக் கூர் நான் போட்டது.