பளபளத்துத் திரும்பிய காவா

குவாலா பிலா சந்தையைத் தாண்டி உள்ளே போனால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் முதல் வீடு பெசாவுடையது. அம்மா வழியில் அவளுக்கு வந்த வீடு. புருஷன் டெரூஸ்தான் ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தவன். வயலும் வீடும் அம்மா கொடுத்தவை. பெசா தானே தேடி வாங்கிய சொத்து ஒன்றே ஒன்று, ஒரு வார்ப்பிரும்புக் காவா. அரை எருமைக் கறியை ஒரே தடவையில் கிளறலாம், அத்தனை பெரிய சட்டி. அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ரெண்டாங் கறி அதில்தான் வேகும்.

அதை வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான மறு வருஷம் சீனர் இரும்புக் கடையில் பதினோரு காவாக்களைக் கவிழ்த்துப்போட்டு, அகப்பைக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். வழவழவென்று இருந்தவை ‘டொக்’ என்று அடங்கிப் போயின. உட்புறம் சொரசொரவென்று, விளிம்பு சற்றுக் கோணலாக இருந்த ஒன்று மட்டும் மணி மாதிரி நீளமாகப் பாடியது. அதையே எடுத்தாள். கூடப் போயிருந்த டெரூஸின் தங்கை ஜெனாப் தலையில் அடித்துக்கொண்டாள். காக் என்றால் அக்கா; அண்ணியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“இத்தனை அழகான சட்டிங்க இருக்க, அம்மைத் தழும்பு விழுந்ததைப் பொறுக்கியிருக்கீங்களே காக்!”

“உங்கண்ணனையும் இப்படித்தான் பொறுக்கினேன். மூஞ்சியப் பாத்தா எடுத்தேன்?”

டெரூஸ் இறந்துபோய் ஆறு வருஷமாகிவிட்டது. காவா இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடச் சோப்பு பட்டதில்லை. வெந்நீர், தேங்காய் நார், பிறகு அடுப்பில் காயவைத்துக் கையளவு தேங்காய் எண்ணெய். அப்படியே கருத்துக் கருத்து, உட்புறம் எருமைத் தோல் மாதிரி மினுங்கியது.

பெசாவின் ஒரே மகள் ரோஸ்னாவைச் சிரம்பானில் ரஃபியாவின் மகனுக்குப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன் ரஃபியா தன் வீட்டு விருந்துக்குக் காவாவைக் கேட்டு ஆள் அனுப்பினாள். சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்வார்களா? லாரியில் ஏற்றிவிட்டாள்.

புதன்கிழமை காலையில் திரும்பி வந்தது. பெசா சாக்கை விலக்கினாள். தோலுரித்த ஆடு மாதிரி காவா வெளிறிப்போய்க் கிடந்தது. விளிம்பில் அதற்குள் செந்துரு பூத்திருந்தது.

லாரிக்காரன் சிரித்தான். “ரஃபியா அம்மா ரெண்டு நாள் தானே குந்தித் தேச்சாங்க. மணல், சாம்பல், சோப்பு, ஒண்ணு விடல. சம்பந்தி வீட்டுச் சாமான், மூஞ்சி பாக்குற மாதிரி போவணும்னாங்க.”

இரவல் வாங்கியதை வாங்கியபோது இருந்ததைவிடச் சுத்தமாகத் திருப்புவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையைத்தான் ரஃபியா செய்திருந்தாள். பெசா சாக்கை இழுத்து மூடினாள்.

“ரொம்ப சந்தோஷம்னு சொல்லு தம்பி.”

லாரி போனதும் ஜெனாப் வந்து எட்டிப் பார்த்தாள். “அட பாவமே! இதுல ரெண்டாங் வச்சா தேங்காப்பால் மசியாட்டம் ஆயிடும். கறி அடி பிடிக்கும், இரும்பு வாடை அடிக்கும்.”

“மெதுவாப் பேசு.”

“வேற சட்டி?”

“தொழுகைக் கூடத்துல இருக்கிறது சோத்துக்கே பத்தாது. இதைத்தான் மறுபடி பழக்கணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கறி ஏத்தணும். ஜெனாப், இது யாருக்கும் தெரியக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சட்டி கழுவத் தெரியலன்னு ஒரு வாய் சொன்னாப் போதும், ரோஸ்னா ஆயுசுக்கும் அந்த வீட்டுல கேட்டுக்கிட்டு இருப்பா.”

ஜெனாபின் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். “நான் வெத்தலைய வாயில அடக்கிக்கிறேன்” என்றாள்.

வியாழக்கிழமை பலகாரத்துக்குப் பால் பிழிந்ததில் மூன்று கூடை தேங்காய்ச் சக்கை மிஞ்சியது. பெசா பின்புறத்துக் கொட்டகையில் சிறு தீயாக மூட்டி, துருவைத் துடைத்து, சக்கையைக் கொட்டி வறுக்கத் தொடங்கினாள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் இரும்பு விரிசல் விட்டுப் போகும். சக்கை பொன்னிறமாகி, பழுப்பாகி, கரியாகிறவரை கை ஓயாமல் ஓரமெல்லாம் தேய்த்துக் கிளறினாள். முதல் கூடையைக் கொட்டிவிட்டு இரண்டாவது. சக்கையில் மிஞ்சிய எண்ணெய் ஏறி, சட்டியின் அடி சாம்பல் நிறத்திலிருந்து மெல்ல இருளத் தொடங்கியது. வாழையிலையில் பலகாரம் மடித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், சட்டி காய்கிறது என்றே நினைத்தார்கள்.

இரண்டாவது கூடையும் கரியானது. அதை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. வெற்றிலைத் தட்டோடு ரஃபியா நேராகப் பின்புறம் வந்துவிட்டாள். காவாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

“ஐயோ பெசா, வெள்ளியாட்டம் அனுப்பினேனே! ஒரே நாள்ல கரியாக்கிட்டீங்களே! கல்யாண வேலையில உங்களுக்கு நேரம் ஏது? நகருங்க, நான் கழுவித் தரேன்.”

சொல்லிக்கொண்டே தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீரை அள்ளிவிட்டாள்.

பெசா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் தண்ணீர் தரையில் கொட்டியது; ஒரு கை நீர் மட்டும் காய்ந்த இரும்பில் தெறித்தது. சுர்ரென்ற சத்தத்துக்குள்ளே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

பெண்கள் இலை மடிப்பதை நிறுத்தினார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் சம்பந்தியைக் கைவைத்துத் தடுத்திருக்கிறாள்.

“கைய விடுங்க” என்றாள் ரஃபியா. குரல் இறுகியிருந்தது. “அழுக்கச் சுத்தம் பண்ண வந்தது தப்பா?”

பெசா விட்டாள். விடும்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தாள். நகங்கள் சதை வரை தேய்ந்து, முனையெல்லாம் வெடித்திருந்தன. பொய் சொல்ல வைத்திருந்த வாய் வேறு சொன்னது.

“அழுக்கு இல்ல காக். பத்தொன்பது வருஷம் எண்ணெய் ஏத்தி ஏத்தி வந்த கருப்பு. அதுதான் இந்தச் சட்டிக்கு உசிரு. உங்களுக்குத் தெரியாது. அனுப்புறப்ப நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

ரஃபியா கைப்பையை எடுத்தாள். கொட்டகைத் தூண் வரை நடந்தாள். ஜெனாப் வெற்றிலையை விழுங்கியே விட்டாள்.

தூணருகில் நின்றுவிட்டு ரஃபியா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “அந்தச் சத்தம்… ஒடைஞ்சிருச்சா?”

“தெரியல. ஆறினாத்தான் தட்டிப் பாக்க முடியும்.”

“எந்நேரமாகும்?”

“சாயங்காலம் அஸர் தொழுகை ஆயிடும்.”

ரஃபியா பையைத் தூணில் மாட்டினாள். “அப்ப இருந்து பாத்துட்டே போறேன்” என்று பலகையில் உட்கார்ந்தாள்.

விறகை இழுத்துவிட்டார்கள். காவா தன்னாலே ஆறட்டும் என்று யாரும் அருகே போகவில்லை. ரஃபியா தானாகவே பேசினாள். “எங்க வீட்ல எல்லாம் அலுமினியம். ஒரு புள்ளி கருப்பு இருந்தாலும் என் மாமியா சட்டியத் தூக்கி முத்தத்துல வீசுவா. நாலு தடவ பொறுக்கிட்டு வந்திருக்கேன்.”

“எங்க ரோஸ்னா கருப்பாக்கிட்டா நீங்களும் வீசுவீங்களோ?” என்று ஜெனாப் கேட்டுவிட்டாள். பெசா கண்ணால் எரித்தாள். ரஃபியா மட்டும் லேசாகச் சிரித்தாள். “முத்தத்துல சிமெண்டு போட்டாச்சு. வீசினா என் தரைதான் போவும்.”

அஸர் தொழுது வந்து பெசா இரும்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. பெசாவும் ரஃபியாவும் மற்றப் பெண்களும் சேர்ந்து காவாவைத் தூக்கி விளிம்புக்கடியில் கயிறு கொடுத்துத் தொங்கவிட்டார்கள். அகப்பையைக் கையில் எடுத்த பெசா, தட்ட மனம் வராமல் ரஃபியாவிடம் நீட்டினாள்.

“நீங்க தட்டுங்க காக்.”

“நானா?”

“உங்க கையாலயே கேளுங்க.”

ரஃபியா கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். சத்தம் எழுந்து, நீண்டு, கொட்டகைக்கு வெளியே போய், வாழைத்தோப்புப் பக்கம் கரைந்தது. அடிச் சுருதி எங்கும் பிசகவில்லை. டிக்கென்றது அடுப்புக் கல்லாக இருக்கும்.

பெசா முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் ஒரு கூடை சக்கை இருக்கு.”

“குடுங்க” என்று ரஃபியா சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

சனிக்கிழமை பந்தியில் ரெண்டாங் வழக்கத்தைவிட ஒரு சாயல் கருப்புதான். மிளகாய் கூடிவிட்டதென்று சிலர் சொன்னார்கள். ரஃபியா அடியில் ஒட்டியிருந்த துண்டைத் தானே சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். முழுவதையும் தின்று முடித்தாள். பந்தி கலைந்ததும் காவாவைக் கழுவ முதலில் எழுந்தவளும் அவள்தான். ஒரு கையில் வெந்நீர், மறுகையில் தேங்காய் நார். சோப்பு டப்பாவை ஜெனாப் மடியில் கட்டி வைத்திருந்தாள்.