இல்லாத பூதத்துக்கு ஐந்து ஸ்டார்

முதல் கமெண்டைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. 'கடைசியில் வரும் பூதம் செம்ம, பயத்தில் தூக்கமே போச்சு, ஐந்து ஸ்டார்' என்று முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார். இரண்டாவது கமெண்டிலும் அதே பூதம், அதே தூக்கம். அடுத்தடுத்துப் படிக்கப் படிக்கக் குமட்டிக்கொண்டு வந்தது. எங்கள் கேமில் பூதம் கிடையாது.

அது ஒரு வார இறுதிப் போட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைப்பு கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு கேம் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாரம், யார் வேண்டுமானாலும் விளையாடிப் பார்த்துக் கருத்து எழுதி ஸ்டார் போடலாம். முதல் மூன்று இடம் பிடிக்கிறவர்களை அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு சின்ன கேம் கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிடும்.

எனக்கு அந்த நேர்முகம் வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே பயிர் வைத்திருந்த குடும்பம். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, அதற்கு அப்பா லாரியில் தண்ணீர் கொண்டுபோகிறார். என்ஜினீயரிங் முடித்த நான் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கிடங்கில் பார்சல்களுக்கு ஸ்கேனர் காட்டிக்கொண்டிருந்தேன். கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று, நாள் முழுக்க 'பீப்'. படித்தது எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

பட்டாபிராமில் இருக்கும் என் நண்பன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இருவரும் செய்தோம். படமும் இசையும் அவன்; நிரல் நான். பழைய காலத்துப் பாணியில், இரண்டு தளத்தில் ஒரு சுரங்கம். ஆட்டக்காரர் தன் கண்ணாலேயே பார்ப்பதுபோல் இருக்கும். கட்டம் கட்டமாகத்தான் நடக்க முடியும். திரும்பினால் சட்டென்று வலமோ இடமோ முழுசாகத் திரும்பும். மழைக்குத் தண்ணீர் நிற்கும் ரயில்வே சப்வேயில் போய்ச் சுவர்களைப் போட்டோ எடுத்துவந்து, பாசியோடு அப்படியே ஒட்டினோம். கடைசிக் கதவுக்கு முன்னால் ஒரு பூதம் நிற்க வேண்டும் என்பது திட்டம். ஞாயிறு மத்தியானம் பார்த்தால் பூதம் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. சரிசெய்ய நேரமில்லை. பூதத்தைத் தூக்கிவிட்டு மீதியை ஏற்றிவிட்டோம்.

என் நண்பனோ சனிக்கிழமையே தன் வேலையை முடித்து வைத்திருந்தான். அவனுடைய கிரிக்கெட் குரூப், காலேஜ் குரூப், மாங்காட்டுச் சொந்தக்காரர்கள் குரூப், அபார்ட்மெண்ட் குரூப் எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரிக் கமெண்ட் எழுதி அனுப்பி, திங்கட்கிழமை லிங்க் வந்ததும் இதை ஒட்டுங்கள் என்று சொல்லியிருந்தான். அவன் எழுதியபோது பூதம் உயிரோடு இருந்தது. ஒரு பெரியவர் 'கீழே உள்ளதை அப்படியே காப்பி செய்து போடவும்' என்ற வரியையும் சேர்த்தே ஒட்டியிருந்தார்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் அவனைப் பிடித்தேன். ஒருத்தரும் விளையாடாமலே எழுதியிருக்கிறார்களே என்றேன். அவன் வடையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தான்.

"கல்யாணத்துக்குப் போறவன் பொண்ணு மாப்ளயப் பார்த்துட்டா மொய் எழுதறான்? பந்தில குந்திக்கினு பேரச் சொல்லிட்டு வந்துர்றான். அதான் மச்சான் இது."

அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு மச்சினனின் பிரியாணிக் கடைக்கு இவன் லைக் போட்டிருந்தான். ஒரு அக்கா மகளின் நடன வீடியோவுக்கு இதயம் போட்டிருந்தான். இப்போது எல்லோரும் அந்த மொய்யைத் திருப்பிச் செய்கிறார்கள். போட்டிக்கு வந்த மற்றவர்களும் இதே மொய்க் கணக்கில்தான் இருந்தார்கள். நான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவர்கள் கேம்களை ஒவ்வொன்றாக முடித்து, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே இடிக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்தேன். 'நன்றி ப்ரோ, உங்களுக்கும் அஞ்சு போட்டாச்சு' என்று உடனே பதில் வரும். எங்கள் கேம் திறக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். எங்கள் பக்கத்தில் எச்சில் இலையை எடுக்கிற மாதிரி ஒவ்வொரு கமெண்டாகத் தள்ளிக்கொண்டே போவேன்.

அப்படித் தள்ளும்போதுதான் அந்த ஒரு கமெண்ட் வந்தது. எந்த ஊர்க்காரர் என்று தெரியாது, ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இசை பல்லில் துளை போடுகிற மாதிரி இருக்கிறது. சுவர்களெல்லாம் ஒரே மாதிரி. திரும்பும்போது வருகிற குலுக்கல் மாட்டுவண்டியைவிட மோசம். கட்டம் போட்ட தாளில் இரண்டு தளத்துக்கும் வரைபடம் போட்டு எல்லாக் கட்டத்திலும் கால் வைத்துப் பார்த்துவிட்டேன். கடைசிக் கதவின் சாவி எங்கேயும் இல்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? இரண்டு ஸ்டார்.

கூடவே தாளின் போட்டோ. பென்சிலில் எங்கள் சுரங்கம். நான் வைத்த முட்டுச்சந்துகள்கூடச் சரியாக இருந்தன. ஒரு இடத்தில் 'இங்கே தண்ணீர்ச் சத்தம்' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.

சாவி பூதத்திடம் இருந்தது. பூதத்தை அடித்தால் சாவி விழும் என்று நான்தான் எழுதியிருந்தேன். பூதத்தைத் தூக்கியபோது சாவியும் கூடவே போய்விட்டது. உலகத்தில் யாரும் எங்கள் கேமை முடித்திருக்க முடியாது. முடித்துப் பயந்து தூக்கம் கெட்டவர்கள் மட்டும் பக்கம் பக்கமாக இருந்தார்கள். அந்தத் தூக்கம் கெட்டவர்களால் நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம்.

போட்டி விதிப்படி, ஆட்டத்தையே முடக்கும் பிழை என்றால் நடுவில் திருத்தலாம். ஆனால் என்ன திருத்தினோம் என்று பக்கத்தின் மேலேயே எழுத வேண்டும். நண்பனுக்குப் போன் செய்தேன். திருத்தவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், அந்த ஆளின் கமெண்டைத் தூக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றான். அவனுக்கும் அந்த வேலை வேண்டும். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். 'அழிக்கவா?' என்று பொத்தான் கேட்கிறவரை போனேன். பென்சில் வரைபடம் கண்ணில் பட்டது. லாப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஓட்டுப்போடக் கடைசி நாள். அப்பா லாரியை நிறுத்திவிட்டு வந்து, கைகால் கழுவி, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதுவரை அவர் என் வேலை எதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரில்லை.

"அந்தப் பூதத்தக் காட்டு நைனா. எல்லாம் சூப்பரு சூப்பருன்றாங்களே."

பூதத்தைப் பற்றி அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். பத்தாவது படிக்கும் தங்கை சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் நண்பன் அவளுக்கும் அனுப்பியிருக்கிறான். அவள் அப்பாவின் போனிலிருந்து, அப்பாவின் பெயரில், அவருக்குப் படித்துக் காட்டிவிட்டே ஒட்டியிருக்கிறாள். நான் பார்க்காமல் தள்ளிவிட்ட கமெண்டுகளில் அதுவும் ஒன்று. அப்பாவுக்கும் பூதத்தைப் பார்த்துத் தூக்கம் போயிருந்தது.

பூதம் இல்லை, நேரம் பத்தாமல் எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்போ இல்லாததயா நல்லாகீதுன்னு போட்டுகீறேன்? எம் பேர்ல?"

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அந்தப் பக்கத்தின் மேல், நண்பன் மேல், அங்கேயே உட்கார்ந்து பட்டியலில் எங்கள் இடத்தை எண்ணிக்கொண்டிருந்த என் மேல் ஒரே அருவருப்பாக இருந்தது.

சாவியை எடுத்து இரண்டாம் தளத்தில், தண்ணீர்ச் சத்தம் கேட்கும் மூலையில் வைத்தேன். பக்கத்தின் மேலே எழுதினேன்: 'இந்த கேமில் பூதம் இல்லை. அதை எடுக்கும்போது சாவியையும் தவறுதலாக எடுத்துவிட்டோம். இன்றுவரை யாரும் இதை முடித்திருக்க முடியாது. சாவியை இப்போது வைத்திருக்கிறோம்.' ஏற்றிவிட்டு நண்பனிடம் சொன்னேன்.

"நம்ம ஊட்டுக்கு நீயே சூனியம் வெச்சிக்கினியேடா," என்றான். பிறகு ரொம்ப நாள் அவன் பேசவில்லை.

போட்டி நடத்தியவர்கள் ஒரே மாதிரி இருந்த கமெண்டுகளின் ஸ்டார்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களுடையதை மட்டும். மற்றவர்களின் மொய் வார்த்தை மாற்றி எழுதிய மொய் என்பதால் அது தப்பித்துவிட்டது. பட்டியலில் எங்கள் பெயரைத் தேட விரல் வலிக்கக் கீழே போக வேண்டியிருந்தது. அம்பத்தூரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை பழையபடி ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

வரைபடம் போட்டவர் திரும்ப வந்தார். கதவு திறக்கிறது, ஆனால் பின்னால் ஒன்றுமே இல்லையே, இதற்கா இவ்வளவு நடந்தேன் என்று எழுதியிருந்தார். தண்ணீர் மூலையில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாராம். ஸ்டாரை மாற்றவில்லை. அதே இரண்டு.

அந்த வாரக் கடைசியில் அப்பா மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். தங்கையிடம் தன் பேரில் இருந்த பழைய கமெண்டை அழிக்கச் சொன்னார். பிறகு அவரே அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி நடந்தார். லாரி ஓட்டுகிறவருக்கு நின்ற இடத்தில் சட்டென்று திரும்புவது பிடிக்கவேயில்லை. சுவரில் மோதிக்கொண்டே இருந்தார். சாவி கிடைப்பதற்கு முன்பே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தான் சொல்வதை அப்படியே போடச் சொன்னார்.

"சுத்திச் சுத்தி வந்தேன். எல்லா செவுரும் ஒரே மாரி கீது. தல சுத்துது. என்னால முடியல."

தங்கை அதை ஒரு எழுத்து மாற்றாமல் தட்டினாள். ஸ்டார் எத்தனை என்று கேட்டாள். இரண்டு போதும் என்றார்.

அதற்குக் கீழே அன்று சாயங்காலமே இன்னொன்று வந்திருந்தது. மாங்காட்டுக் குரூப்பில் யாரோ தாமதமாகப் பார்த்திருக்க வேண்டும். போட்டி முடிந்துவிட்டது, பக்கத்தின் மேலே பூதம் இல்லை என்று நான் எழுதியதும் இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி வந்து ஒட்டியிருந்தார்: 'கடைசியில் வரும் பூதம் செம்ம.'