தேதிக்காரர்

முழங்காலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டைப் போட்டு மண்டியிட்டு, ஈரத்துணியால் டயரின் ஓரத்தை அழுத்தித் துடைக்கிறார். அழுக்குப் போனதும் நான்கு எண்கள் தெரிகின்றன. முதல் இரண்டு அந்த டயர் பிறந்த வாரம், அடுத்த இரண்டு வருடம். பார்த்துவிட்டு "ம்" என்கிறார். அந்த 'ம்' சட்டென்று முடிந்தால் டயர் இளசு. இழுத்தால் நம் பாடு திண்டாட்டம். என் காருக்கு நன்றாகவே இழுத்தார்.

நெடுஞ்சாலை ஊருக்குள் திரும்புகிற இடத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. தேதிக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். இருமல் மருந்தோ பிஸ்கட்டோ, தேதி பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். விருந்துக்குப் போனாலும் வாசலில் நிற்கும் வண்டிகளின் டயர்களை விசாரித்த பிறகுதான் உள்ளே நுழைவார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்கப்பா சைக்கிள் டயரைத்தான் முதல்ல பாத்தாரு" என்று மனைவி இன்னும் குறைப்படுகிறார்.

டயரை எப்போது இடம் மாற்றிப் போட வேண்டும் என்று கேட்டால், "டயரைக் கேளுங்க" என்பார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் மாற்றலாமாம். சமமாகத் தேய்கிறதா, சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்க வேண்டாமாம். இன்னொரு பிடிவாதமும் உண்டு. வண்டிக்காரர் சொல்லாமல் காற்றை இறக்கவே மாட்டார். "கேக்காம காத்தை எறக்கறது, அடுத்தவன் வீட்டுக் கதவைத் தொறந்துட்டு உள்ள போற மாதிரி."

மனிதருக்கு ஒரு பலவீனம், தங்கையின் கணவர். தங்கைக்குக் கல்யாணமான பதினோரு வருடத்தில் மாப்பிள்ளை சொல்லி இவர் மறுத்துப் பேசியதே இல்லை. மாப்பிள்ளை கிழக்கே போய் அது மேற்கு என்றாலும் தலையாட்டுவார். எனக்கே எரிச்சலாக இருக்கும்.

போன மாதம் நான் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது அந்த மாப்பிள்ளை குடும்பத்தோடு ஒரு கேரவனில் வந்து இறங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஆறு சக்கர வண்டி. மாப்பிள்ளைக்கு விற்றவர் அதைக் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்திருந்தாராம். மறுநாள் காலை மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மூன்று வாரப் பயணம். முன் டயர்களைப் பின்னாலும், பின் டயர்களில் இரண்டை முன்னாலும் போட்டுக் கொடுத்தால் போதும், வண்டியோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார்.

தேதிக்காரர் மண்டியிட்டார். ஆறு டயருக்கும் ஆறு நீண்ட 'ம்'. ஒன்பது வருடத்து டயர்கள். கோடுகள் புதிதுபோல ஆழமாக இருந்தன, ஆனால் ஓரமெல்லாம் முடி முடியாக வெடிப்பு.

"மாப்ள, தேஞ்ச டயரைத்தான் மாத்திப் போடணும். இது தேயல, வயசாயிடுச்சு. முன்னாடி போட்டாலும் பின்னாடி போட்டாலும் வயசு குறையாது."

மாப்பிள்ளை சிரித்தார். ஓடாத டயர் எப்படிக் கெடும் என்று கேட்டார். ஓடாமல் நின்றதால்தான் கெட்டது என்றார் இவர். வேகமாகப் போகும்போது முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது என்று மெதுவாக இரண்டு தடவை சொன்னார். இந்த அளவில் புது டயர் வர நான்கு நாள் ஆகும் என்றதும் மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. எடுத்த லீவைத் தள்ளிப்போட முடியாதாம்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எதிர்த்துப் பேசறீங்க மச்சான். விடுங்க, போற வழியில வேற கடையில மாத்திக்கறேன்."

சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டார்.  எனக்கு அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. வண்டிக்குள் மேல் படுக்கையில் பிள்ளைகள் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தங்கை வண்டியின் படியில் வந்து நின்றாள்.

"அண்ணே, போலாமா, வேணாமா?"

 தேதிக்காரர் சட்டைப் பையிலிருந்து வால்வு கழற்றும் சின்னச் சாவியை எடுத்தார். ஒவ்வொரு சக்கரமாகப் போய் உட்கார்ந்து, காற்றைப் பிடித்து நிறுத்தும் வால்வு பின்னைக் கழற்றினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. பின்னால் உள்பக்கம் இருக்கும் இரண்டு டயர்களுக்குத் தரையில் படுத்துக் கையை நுழைத்தார்.

"மாமா, வீடு கீழ போகுது" என்றது சின்னது ஜன்னலிலிருந்து.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை போனும் கையுமாக ஓடிவந்தார். தேதிக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை. தங்கையின் கையைப் பிடித்து விரித்து, கழற்றிய வால்வு பின்கள் ஆறையும் அதில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.