எக்ஸ்சேஞ்ச் அக்காவின் இடது காது

மைக்கின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பச்சைக் கோடு ஊசிபோல் நின்றுகொண்டிருந்தது. அறையில் மூன்று பேர் இருந்தோம். மைக்கே இல்லாதபோது ஒரு சத்தம் எப்படித் தெரியும் என்ற கேள்வி எனக்கு மட்டும்தான் வந்தது. அதை வாய் திறந்து சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அது.

அவரை நான் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்று கூப்பிடுவேன். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலத்தில் திருநெல்வேலியில் அவர் குரலைக் கேட்காத கடைக்காரர் இல்லை. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருக்கும்வரை அம்மாவுடன் இருந்தார், பிறகு அதே வீட்டில் தனியாக. நான் அப்போது வண்ணார்பேட்டையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். மாலையில் படிக்க வருகிறவர்கள் போய்விட்டால் நானும் மெஷின்களும்தான். ஒருநாள் அக்கா படியேறி வந்து, கம்ப்யூட்டரில் சத்தத்தைப் படமாகப் பார்க்கலாமாமே, பேப்பரில் போட்டிருந்ததே என்று கேட்டார்.

அவர் வீட்டுக்குப் பின்னால் தெருமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய கீச்சொலி இரவும் பகலும் வருகிறது என்றார். மின்வாரியத்தில் மனு கொடுத்திருந்தார். ஆட்கள் வந்து நின்று கேட்டுவிட்டு, ஒன்றுமில்லையே என்று போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. திசையன்விளையில் இரும்புக்கடை வைத்திருந்த அவருடைய தம்பி, அக்காவுக்கு மனசு சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாக இருந்தார்.

“ஒரு படம் இருந்தாப் போதும் தம்பி. இந்தா பாரு, இருக்குன்னு அவனுக்குக் காட்டிருவேன்” என்றார் அக்கா.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த சிடியில், ஒலியை அளந்து கோடாக வரையும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஒருதடவைகூட ஒழுங்காக ஓட்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோவில் மெஷினை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தம்பியும் வந்திருந்தார். வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

“அவதான் சொல்லுதான்னா, நீரும் இதயெல்லாம் தூக்கிட்டு வாரீரே வே. கரண்டு போனாலும் அந்தச் சத்தம் கேக்குதுங்கா. அது என்ன டிரான்ஸ்பார்மர்?”

உள்ளே இருந்த அக்காவுக்கு அது கேட்டிருக்கும்.

இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் கோடாக ஓடுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. சவுண்ட் கார்டுக்கு இரண்டு பக்கம் இருந்தது. வெளியே போகும் சத்தத்துக்குத் திரையில் ஒரு பலகை, உள்ளே பதிவாகும் சத்தத்துக்கு இன்னொன்று. உள்ளே வருவதில் சிடிக்கு டிக் இருந்தால் மைக் செத்த மாதிரி கிடக்கும். மைக்கை வெளியே போகும் பக்கத்திலும் திறந்துவிட்டால் ஸ்பீக்கரில் வருவது மறுபடி மைக்கில் நுழைந்து ஊளையிடும். முதலில் அந்த ஊளைதான் வந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். பேஸையும் டிரெபிளையும் நடுவில் நிறுத்தினேன். மைக்குக்கு அடியில் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் வைத்ததும் திரையில் கீச்சென்ற சத்தங்களுக்கான வலது பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு எழுந்தது.

அக்கா எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். “இதுதான்.” பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உறுதி செய்துகொள்ள, நீள வயர் போட்டு மைக்கைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். டிரான்ஸ்பார்மருக்கு நேராக நீட்டினேன். கோடு உயரவில்லை. மைக்கைத் துண்டில் சுற்றினேன். இறங்கவும் இல்லை. அப்போதுதான் வயரைப் பிடுங்கினேன்.

அது கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாகிற சத்தம். கூட்டிக் கொடுக்கும் கட்டத்தில் டிக்கை எடுத்தேன். வேண்டாத வழிகளையெல்லாம் அடைத்தேன். பெட்டியைத் திறந்து சவுண்ட் கார்டைக் கழற்றி, மற்ற கார்டுகளிலிருந்து தள்ளி, கடைசி இடத்தில் மாட்டினேன். மறுபடி ஓட விட்டபோது கோடு இல்லை. மைக்கைத் திரும்பச் செருகிப் பின்வாசலில் வைத்தேன். காக்கை கரைந்ததும் சைக்கிள் மணியடித்ததும் திரையில் ஏறி இறங்கின. வேறு ஒன்றுமில்லை.

“நீங்க அத மறைச்சிட்டீங்க.”

“இல்லக்கா. அது மெஷினோட சத்தம்.”

அக்கா திரையைப் பார்த்தபடியே பைய, “அப்ப என்னோடது எங்க?” என்று கேட்டார்.

தம்பி நாற்காலியை விட்டு எழுந்தார். குரலில் கோபம் இல்லை. “துணிமணிய எடுத்து வைக்கா. சாயங்கால பஸ்ஸுக்குப் போவோம்” என்றார். அக்கா மறுக்காமல் துணிப்பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அளந்து பார்த்து இல்லை என்று காட்டியவன் நான்தான். மெஷினை அணைக்கக் கை வைத்தேன். மென்பொருளின் மூலையில் இன்னொரு ஜன்னல் இருந்தது. சத்தத்தை அளப்பதற்கு அல்ல, உண்டாக்குவதற்கு.

ஹெட்போனை அக்காவிடம் கொடுத்தேன். முப்பது வருஷப் பழக்கம், முடியை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி பார்க்காமலே சரியாகப் பொருத்திக்கொண்டார். ஒரு சுருதியை எழுப்பி, அவர் சொல்லச் சொல்ல நகர்த்தினேன்.

“இன்னும் மேல போங்க. இது தடியா இருக்கு, என்னது ஒல்லி. இன்னும். ஐயோ தாண்டிட்டு, கொஞ்சம் இறக்குங்க.” பிறகு கண்ணை மூடிக்கொண்டார். “வலது காதுல வேண்டாம். இடதுல மட்டும்.”

அத்தனை வருஷம் அந்த இடது காதில்தான் அவர் ஊரின் பேச்சையெல்லாம் வாங்கி அனுப்பியிருந்தார். வலது பக்கத்தை அடைத்தேன். அளவைக் கொஞ்சம் ஏற்றினேன்.

“இங்கன. இங்கனதான்.”

ஹெட்போனைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார். அவர் தயங்கி வாங்கி மாட்டிக்கொண்டார். முதலில் முகத்தைச் சுளித்தார். கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. நின்றவர் உட்கார்ந்தார்.

“எக்கா, இது எப்பவுமா?”

“எப்பவும்.”

“தூங்கும்போதும் கேக்கா?”

“தூங்கினாத்தானே.”

ஹெட்போனோடு தம்பி தரையைப் பார்த்தபடி இருந்தார். கட்டிலில் எடுத்து வைத்திருந்த துணிப்பையை அக்கா பார்ப்பதும் தம்பியைப் பார்ப்பதுமாக இருந்தார். “இத்தன நாளா சொல்லத் தெரியல பாத்துக்கிடுங்க” என்று என்னிடம் சொன்னார்.

பிறகு அவரே ஹெட்போனை வாங்கி இன்னொரு தடவை மாட்டிக்கொண்டார். வெளியிலிருந்து வரும்போது உள்ளே இருப்பது தனியாகத் தெரியவில்லை, கொஞ்சம் ஓடட்டும் என்றார். ஓட விட்டேன். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். கடைசியில் நான் நிறுத்தியபோது அக்கா சட்டென்று கையை உயர்த்தினார், பேசாதே என்பதுபோல. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

“இந்தக் கடிகாரம் ஓடிக்கிட்டா இருக்கு?”

அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, எல்லா நாளும். அக்கா அதையே கேட்டபடி இருந்தார். முகத்தில் சிரிப்பு என்று சொல்லமுடியாது, சுமையை இறக்கி வைத்தவர் மூச்சு விடுவதுபோல ஏதோ ஒன்று. கொஞ்ச நேரம்தான். உயர்த்திய கை தானாக மடியில் இறங்கியது.

“வந்துட்டு” என்றார்.

அன்று சாயங்காலம் தம்பி தனியாகத்தான் ஊருக்குப் போனார். அடுத்த வாரம் அவரே அக்காவைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நரம்பில் வந்தது, தீர்க்க வழியில்லை, ஆனால் இப்படிப் பலருக்கு இருக்கிறது என்றாராம் டாக்டர். பலருக்கு இருக்கிறது என்றதை அக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அந்தச் சுருதியை ஒரு கேசட் முழுவதும் பதிந்து கொடுத்தேன். அதைப் போட்டு நிறுத்தினால் சிலநாள் காதின் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கிக் கடிகாரம் கேட்கும், சிலநாள் கேட்காது. பிறகு சென்டரை மூடிவிட்டு நான் சென்னைக்கு வந்துவிட்டேன். தம்பி ஞாயிறுதோறும் திசையன்விளையிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார்.

அக்கா இறந்து ஒரு மாதம் கழித்துத் தம்பி எனக்குப் போன் செய்தார். வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

“ஊரு முழுக்க அவ குரல கேட்டுச்சு. ஒரு கேசட்லகூட அது இல்ல வே. நீரு குடுத்தது மட்டுந்தான் இருக்கு. அதப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். இருங்க, உங்களுக்கும் வைக்கேன்.”

ரிசீவரை டேப் ரெக்கார்டரின் பக்கத்தில் வைத்த ஓசை வந்தது. அவ்வளவு உயரமான, அவ்வளவு மெல்லிய சத்தத்தைத் தொலைபேசி கடத்தாது. பேச்சுக்கு வேண்டிய மட்டும்தான் அந்தக் கம்பியில் வரும். அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒன்றுமே இல்லை.

“கேக்கா?” என்றார் அவர்.

“கேக்கு அண்ணாச்சி” என்றேன்.