பத்மஜாவும் அவசரப் பொத்தானும்

டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் மாட்டுங்காவுக்கு வேலைக்கு வரும் பத்மஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு காரியம் ஏன் அப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மிக்ஸி நின்றுபோனால் கணவர் ஜகந்நாதன் புதுசு வாங்கக் கிளம்புவார். இவள் திருப்புளியோடு உட்கார்ந்துவிடுவாள். மென்பொருள் நிறுவனத்தில் இப்படிப்பட்டவர்கள் தலையில்தான் எல்லாரும் வேலையைக் கட்டுவார்கள்.

அன்று வந்தது செம்பூர் மருத்துவமனை ஒன்றின் புகார். அட்மிஷன் மென்பொருள் இவர்கள் செய்து கொடுத்தது. முன்பணம் கட்டாத நோயாளியையும் உடனே உள்ளே அனுப்புவதற்காகப் போன மாதம் அதில் 'அவசரம்' என்றொரு பொத்தான் சேர்த்திருந்தார்கள். கவுண்டரில் இருக்கும் தாராவிப் பெண் இசக்கிசெல்வி அதை அழுத்தாததால் ஒரு பெரியவர் வலியோடு வெளியே காத்துக் கிடந்தாராம். பிழைத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் விசாரணை. இசக்கிசெல்விக்கு வேலை போவது உறுதி.

"லாக்ல ஒண்ணும் பதிவாகலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ, போதும்" என்றான் மேலாளர் கௌசிக்.

நடப்பதை எல்லாம் மென்பொருள் தானாகவே குறித்து வைக்கும் அந்த லாகில் உண்மையிலேயே ஒன்றும் பதிவாகவில்லை. இருந்தாலும் பத்மஜா இசக்கிசெல்விக்கு போன் போட்டாள்.

"அழுத்துனேன் மேடம். ஸ்கிரீன் அப்படியே நின்னுச்சு. திரும்பவும் அழுத்துனேன். யாரு நம்புதா?"

பொய் சொல்கிறவள் இரண்டாம் தடவையை எதற்குச் சேர்த்துச் சொல்கிறாள்? பத்மஜாவுக்கு அரிப்பெடுத்துவிட்டது.

ஆபீஸில் சோதனைக்கென்றே கண்ணா என்று ஒரு கற்பனை நோயாளி இருந்தான். அவனை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். உடனே அட்மிஷன் ஆனான்.

"பாருங்கோ, ஜோரா வேலை செய்யறதே!" என்றான் கௌசிக்.

வேலை செய்ததுதான். ஆனால் லாகில் அதுவும் பதிவாகவில்லையே! அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த மென்பொருளில் எந்த வேலைக்கும் முன்னால் 'இன்டர்செப்டர்' என்ற காவல் நிற்கும். யார் எதை அழுத்தினாலும் எழுதி வைப்பது பொதுக் காவல். அட்மிஷன் பகுதிக்கென்று தனியாக இன்னொன்று. முன்பணம் வந்ததா என்று பார்ப்பது அதன் வேலை. அவசரப் பொத்தானைச் சேர்த்தவர், அதற்குக் காவலே வேண்டாம் என்று நினைத்து, பொதுக் காவலை விலக்கும் விதியை எழுதியிருந்தார். அதை விலக்கினால் எல்லாமே விலகும் என்று எண்ணிவிட்டார், புண்ணியவான். எழுதுகிறவன் வெளியே போனான்; மறிக்கிறவன் அங்கேயே நின்றான்.

அப்படியானால் கண்ணா எப்படி உள்ளே போனான்? தோண்டிப் பார்த்தாள். அவன் பெயரில் யாரோ எந்தக் காலத்திலோ முன்பணம் கட்டி வைத்திருந்தார்கள். அத்தனை சோதனையும் அந்தப் பணக்காரனை வைத்தே நடந்திருக்கிறது! கட்டாத ஒரு நோயாளியை உருவாக்கி அழுத்தினாள். திரை அப்படியே நின்றது. லாக் காலி.

கௌசிக்கின் முகம் வெளுத்தது. "திங்கட்கிழமை சத்தமில்லாம சரி பண்ணிடலாம்."

"திங்கட்கிழமை அவளுக்கு வேலை இருக்காதே!"

பத்மஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு எங்கள் மென்பொருளில்தான், அவள் சொன்னபடியே நடக்கிறது என்று அப்போதே மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினாள்.

பிறகு இசக்கிசெல்வியைக் கூப்பிட்டாள். "நீங்க அழுத்தினது நிஜம்தான். எங்க தப்பு. உங்க ஆபீசுக்கு எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"நெசமாவாக்கா? எல்லாரும் சொல்லச் சொல்ல, அழுத்தவே இல்லையோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சுக்கா."